மூளையதிர்ச்சிக்குப் பின் பல்கலைக்கழகக் கல்விக்குத் திரும்புதல்

மூளையதிர்ச்சிக்குப் பின் கல்விக்குத் திரும்புதல் என்பது, தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சிக்கு உள்ளான மாணவர் ஒருவர் தமது படிப்பைப் படிப்படியாக மீண்டும் தொடங்குவதையும், அதற்காகக் கல்வி நிறுவனம் செய்து தரும் தற்காலிக ஏற்பாடுகளையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இது 'ரிட்டர்ன் டு லேர்ன்' என வழங்கப்படுகிறது. விளையாட்டு வீரர் எப்போது ஆடுகளத்துக்குத் திரும்பலாம் என்பதற்கான விதிகளே முதலில் உருவாயின. மாணவர் எப்போது, எவ்வாறு வகுப்பறைக்குத் திரும்பலாம் என்பது பற்றிய சிந்தனை அதன் பின்னரே வளர்ந்தது. பள்ளி மாணவர்களுக்கு இன்று தெளிவான வழிகாட்டல்கள் பல உள்ளன. பல்கலைக்கழக மாணவரின் நிலை அவ்வாறன்று. உதவி பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. ஆனால் அதைத் தேடிச் சென்று கேட்டுப் பெறவேண்டியவர் மாணவரே. கேட்டுப் பெறும் ஆற்றல் மிகக் குறைந்திருக்கும் நாட்களிலேயே அவர் அதைச் செய்யவேண்டியிருக்கிறது. இக்கட்டுரை, இத்துறை தனியாக வளர்ந்துள்ள ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் நடைமுறையை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டது.

மூளையதிர்ச்சி

தலையிலோ, கழுத்திலோ, உடலின் வேறு பகுதியிலோ விழும் அடியின் விசை மூளைக்குக் கடத்தப்படுவதால் ஏற்படும் இலேசான மூளைக்காயமே மூளையதிர்ச்சி ஆகும். இது கன்கஷன் என்னும் ஆங்கிலப் பெயராலும் பரவலாக அறியப்படுகிறது. நினைவு தப்பினால்தான் மூளையதிர்ச்சி என்னும் எண்ணம் பலரிடம் உள்ளது; அது தவறு. பெரும்பாலான மூளையதிர்ச்சிகளில் நினைவு தப்புவதே இல்லை.

மூளையதிர்ச்சி மூளையின் கட்டமைப்பை விட அதன் செயற்பாட்டையே பெரிதும் பாதிக்கிறது. எனவே வழக்கமான சி.டி. ஸ்கேன் படத்தில் பொதுவாக எதுவும் தென்படாது. குருதிக் கசிவோ மண்டையோட்டு முறிவோ இல்லை என்று உறுதி செய்வதற்காகவே அப்படம் எடுக்கப்படுகிறது. "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்று மருத்துவமனையில் சொல்லப்படுவதை, "உனக்கு ஒன்றுமில்லை" என்று மாணவரும் நண்பர்களும் பொருள் கொண்டுவிடுவதுண்டு. பின்வரும் சிக்கல்கள் பலவற்றின் தொடக்கம் இதுவே எனலாம்.

மூளையில் என்ன நிகழ்கிறது என்பதை லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கீசா, டேவிட் ஹோவ்டா ஆகியோர் 2001 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில் தொகுத்து விளக்கினர். இவ்விளக்கம் பெருமளவில் விலங்குகளில் செய்யப்பட்ட சோதனைகளை அடிப்படையாகக் கொண்டது. அடியின் விசையால் நரம்பணுக்களின் சவ்வுகள் இழுபடுகின்றன. உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியிலிருக்கும் கால்சியம் உட்புகுகிறது. குளுட்டமேட் என்னும் நரம்புக்கடத்தி அளவின்றிச் சுரக்கிறது. இந்தச் சமநிலைக் குலைவைச் சரிசெய்ய நரம்பணு மிகுந்த ஆற்றலைச் செலவிடுகிறது. ஆனால் அதே வேளையில் மூளைக்கான குருதியோட்டம் குறைந்துவிடக்கூடும். தேவை கூடி வரவு குறையும் இந்நிலை ஆற்றல் நெருக்கடி எனப்படுகிறது. மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் மின்கலத்தில் இயங்கும் வீட்டுடன் இதனை ஒப்பிடலாம். விளக்கு எரியும், மின்விசிறி சுழலும். மாவரைக்கும் இயந்திரத்தையும் சேர்த்து இயக்கினால் எல்லாம் நின்றுவிடும். மூளையதிர்ச்சிக்கு உள்ளானவர் இயல்பாகப் பேசிச் சிரிப்பதும், அரைமணி நேரம் பாடநூல் படித்ததும் தலைவலியால் படுத்துவிடுவதும் இதனால்தான் ஒருங்கே நிகழ்கின்றன.

தலைவலி தொடர்ந்து கடுமையாதல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், கண்மணிகளில் ஒன்று பெரிதாதல், குழப்பம் அதிகரித்தல், எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அது அவசர மருத்துவ நிலையாகும். அப்போது படிப்பைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

படிப்பின் மீதான விளைவுகள்

விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகப் பயன்படும் ஸ்காட் 6 என்னும் மதிப்பீட்டுக் கருவியில் 22 அறிகுறிகள் பட்டியலிடப்பட்டு, ஒவ்வொன்றும் 0 முதல் 6 வரை மதிப்பிடப்படுகிறது. தலைவலி, தலைச்சுற்றல், ஒளிக்கூச்சம், ஒலிக்கூச்சம், களைப்பு, கவனம் செலுத்த இயலாமை, நினைவாற்றல் குறைவு, எரிச்சல், கவலை, தூக்கக் குலைவு முதலியன அவற்றுட் சில. படிப்பவருக்கு இவற்றுள் எதுவும் சிறியதன்று.

விரிவுரை மண்டபத்தில் குறிப்பெடுக்கும் செயலை எடுத்துக்கொள்வோம். மாணவர் தொலைவிலுள்ள திரையைப் பார்க்கிறார், குனிந்து அருகிலுள்ள தாளைப் பார்க்கிறார், மீண்டும் நிமிர்கிறார். ஒரு மணி நேரத்தில் இது பலநூறு முறை நிகழும். ஒவ்வொரு முறையும் கண்களின் குவியம் மாறவேண்டும், இரு கண்களும் ஒருங்கே குவியவேண்டும், தலையின் அசைவுக்கு ஏற்ப உட்செவியின் சமநிலை உறுப்பு பார்வையை நிலைப்படுத்தவேண்டும். மூளையதிர்ச்சி இம்மூன்றையும் பாதிக்க வல்லது. இதனுடன், சற்று முன் கேட்டதை மனத்தில் இருத்திக்கொண்டே இப்போது சொல்லப்படுவதைக் கேட்கும் செயல்நினைவும் தளர்ந்திருக்கும். "வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்று நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் அறிவுரை, உண்மையில் கடினமான வேலையொன்றைச் செய்யச் சொல்வதாகும்.

கணினித் திரையில் பக்கங்களை வேகமாக உருட்டிப் பார்ப்பது சிலருக்குக் குமட்டலை உண்டாக்குகிறது. உணவகத்தின் இரைச்சல், ஆய்வுகூடத்தின் ஒளிரும் குழல்விளக்குகள், இசை மாணவருக்குக் குழு ஒத்திகை, பொறியியல் மாணவருக்கு நுணுக்கமான வரைபடம் எனத் துறைக்கேற்ப இடர்ப்பாடு மாறும். ஆய்வுகூடங்களில் அமிலத்தையோ வெட்டுக்கருவியையோ கையாள்பவருக்கு இது பாதுகாப்புச் சிக்கலுமாகும். செவிலியர் பயிற்சியில் மருந்தளவு கணக்கிடும் மாணவரின் பிழை பிறரையும் பாதிக்கும்.

ஓய்வு பற்றிய கருத்து மாற்றம்

2001 ஆம் ஆண்டு வியன்னாவில் விளையாட்டு மூளையதிர்ச்சி பற்றிய முதலாவது பன்னாட்டு மாநாடு கூடியது. அதைத் தொடர்ந்து பிராக் (2004), சூரிச் (2008, 2012), பெர்லின் (2016), ஆம்ஸ்டர்டாம் (2022) ஆகிய நகரங்களில் கூடிய மாநாடுகளும் ஒவ்வோர் உடன்பாட்டு அறிக்கையை வெளியிட்டன. உடலுக்கு ஓய்வு தருவது போல மூளைக்கும் அறிதிறன் ஓய்வு தரவேண்டும் என்னும் கருத்து பிராக் அறிக்கையில் இடம்பெற்றது. அக்கருத்து மருத்துவ நடைமுறையில் சற்று மிகையாகவே பின்பற்றப்பட்டது. புத்தகம் கூடாது, தொலைபேசி கூடாது, நண்பர்கள் கூடாது, அறிகுறிகள் யாவும் நீங்கும் வரை இருட்டறையில் படுத்திருக்கவேண்டும் என்று பலருக்கு அறிவுறுத்தப்பட்டது.

இவ்வறிவுரை 2015 ஆம் ஆண்டு பெரிதும் ஆட்டங்கண்டது. விஸ்கான்சின் மாநிலத்தில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 11 முதல் 22 வயது வரையானோரை இரு பிரிவாகப் பிரித்துச் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு அவ்வாண்டு வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஐந்து நாள் கடும் ஓய்வும், மற்றவர்க்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வும் பின்னர் படிப்படியான செயற்பாடும் பரிந்துரைக்கப்பட்டன. கடும் ஓய்வு எடுத்தவர்களே கூடுதலான அறிகுறிகளைத் தெரிவித்தனர்; அவை நீங்கவும் கூடுதல் நாட்கள் ஆயின. பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் லெடியும் குழுவினரும் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறி கடுமையாகாத அளவுக்கு உடற்பயிற்சி செய்த பதின்ம வயதினர் இடைநிலையளவில் 13 நாட்களிலும், தசை நீட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாட்களிலும் குணமடைந்தனர்.

இதனால் ஓய்வே தேவையில்லை என்று கொள்ளலாகாது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 12 முதல் 25 வயது வரையான 125 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வு, முதல் 48 மணி நேரம் திரைகளைத் தவிர்த்தவர்களின் அறிகுறிகள் இடைநிலையளவில் 3.5 நாட்களிலும், தவிர்க்காதவர்களின் அறிகுறிகள் 8 நாட்களிலும் நீங்கின என்று காட்டியது. ஆக, முதல் ஓரிரு நாட்கள் மட்டுப்பட்ட ஓய்வு, திரைகளுக்கு விடுப்பு, அதன்பின் அறிகுறிகளைக் கவனித்தபடி மெல்லத் தொடங்குதல் என்பதே 2023 இல் வெளியிடப்பட்ட ஆம்ஸ்டர்டாம் அறிக்கையின் நிலைப்பாடு. விடுதி அறையின் திரைச்சீலையை மூடிக்கொண்டு இரு வாரம் தனியே கிடப்பவர் குணமடைவதற்குப் பதிலாகத் தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து, பாடத்திலும் பின்தங்கிவிடக்கூடும். குடும்பத்தினரைப் பிரிந்து வாழும் மாணவருக்கு இது இன்னும் பொருந்தும்.

படிநிலைகள்

ஆம்ஸ்டர்டாம் அறிக்கை கல்விக்குத் திரும்புவதை நான்கு படிகளாக வகுக்கிறது. முதற்படியில் வாசித்தல் போன்ற அன்றாடச் செயல்கள் ஒரு நேரத்தில் 5 முதல் 15 நிமிடம் வரை தொடங்கப்பட்டுப் படிப்படியாகக் கூட்டப்படுகின்றன. திரைநேரம் குறைவாக வைக்கப்படுகிறது. இரண்டாம் படியில் வகுப்புக்கு வெளியே வீட்டுப்பாடமும் வாசிப்பும். மூன்றாம் படியில் பகுதிநேரமாகவோ கூடுதல் இடைவேளைகளுடனோ வகுப்புக்குத் திரும்புதல். நான்காம் படியில் முழுநேரப் படிப்பும், விட்டுப்போனவற்றை எட்டிப்பிடித்தலும்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்ல அறிகுறிகள் முற்றாக நீங்கியிருக்கவேண்டியதில்லை. இது முன்னைய நடைமுறையிலிருந்து முக்கியமான மாற்றமாகும். தலைவலியை 0 முதல் 10 வரையான அளவுகோலில் மாணவரே மதிப்பிடுகிறார். ஒரு செயலால் அது இரண்டு புள்ளிக்கு மேல் கூடாமலும், கூடியது ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தும் போனால் அச்செயலைத் தொடரலாம். எடுத்துக்காட்டாக, 2 இல் இருந்த தலைவலி வாசிக்கத் தொடங்கி இருபது நிமிடத்தில் 4 ஆகி, நிறுத்திய அரைமணியில் மீண்டும் 2 ஆனால், அது ஏற்கத்தக்கது. 6 ஆகி மாலை வரை நீடித்தால், மறுநாள் பத்து நிமிடத்தில் நிறுத்தவேண்டும். இவ்வளவீட்டை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது. மருத்துவரிடமும் பேராசிரியரிடமும் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த சான்று மாணவர் கையில் வேறில்லை.

அறிக்கைக்காகத் தொகுக்கப்பட்ட ஆய்வுகளின்படி, விளையாட்டில் மூளையதிர்ச்சி பெற்றவர்கள் சராசரியாக 8.3 நாட்களில் கல்விக்கும் 19.8 நாட்களில் விளையாட்டுக்கும் முழுமையாகத் திரும்பினர். 93 விழுக்காட்டினர் 10 நாட்களுக்குள் கூடுதல் கல்வி உதவி ஏதுமின்றிப் படிப்புக்குத் திரும்பிவிட்டனர். இவ்வெண்கள் ஊக்கமளிப்பவை. எனினும் அணி மருத்துவரும் பயிற்சியாளரும் உடனிருக்கும் வீரர்களைப் பற்றியவை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். முழுநேரப் படிப்புக்குத் திரும்பும் முன்னர் கட்டுப்பாடற்ற விளையாட்டுக்குத் திரும்பலாகாது என்பது பொது விதி.

பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள வேறுபாடு

பள்ளியில் வகுப்பாசிரியர் இருக்கிறார், தலைமையாசிரியர் இருக்கிறார், வீட்டில் பெற்றோர் இருக்கின்றனர். மருத்துவரின் கடிதம் ஒன்று பள்ளி அலுவலகத்துக்குச் சென்றால் அது எல்லா ஆசிரியரையும் எட்டும். பல்கலைக்கழகத்தில் அத்தகைய ஒருவர் இல்லை. ஐந்து பாடங்கள் பயிலும் மாணவர் ஐந்து பேராசிரியர்களுக்குத் தனித்தனியே எழுதவேண்டும். அவர்களுள் சிலர் இருநூறு பேர் கொண்ட வகுப்பை நடத்துபவர்கள். உடல்நல மையம், மாற்றுத்திறனாளி சேவை அலுவலகம், துறை அலுவலகம், கல்வி ஆலோசகர், நிதியுதவி அலுவலகம் எனக் கதவுகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம். ஒவ்வொரு படிவமும் கணினித் திரையில்.

திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பல வேலைகளை நினைவிற் கொள்ளல் ஆகிய ஆற்றல்களே மூளையதிர்ச்சியால் தளர்கின்றன. அவ்வாற்றல்களையே இந்த அலுவல்கள் கோருகின்றன. காலில் முறிவு ஏற்பட்டவரை மாடிப்படி ஏறி ஊன்றுகோலைப் பெற்றுக்கொள்ளச் சொல்வது போன்றது இது. ஆகவே ஒரே தொடர்பாளர் வழியாக எல்லாப் பேராசிரியருக்கும் தகவல் செல்லும் ஏற்பாடே இத்துறையில் மிகப் பயனுள்ளது எனலாம். சில பல்கலைக்கழகங்களில் மாணவர் நல அலுவலகம் இப்பணியைச் செய்கிறது. அவ்வாறு இல்லாத இடத்தில், நம்பிக்கைக்குரிய நண்பரோ விடுதித் தோழரோ மின்னஞ்சல்களைத் தட்டச்சு செய்து தருவது சிறு உதவியாகத் தோன்றினும் பெரும் பயனளிப்பது.

பெற்றோரின் நிலையும் இங்கு மாறுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் அந்தரங்கச் சட்டத்தின்படி, உயர்கல்வியில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்கே உரியது. உடல்நல, பாதுகாப்பு நெருக்கடி போன்ற விலக்குகள் தவிர, மாணவரின் ஒப்புதலின்றிப் பெற்றோருக்கு விவரம் தருவதில்லை. பெற்றோர் தொலைபேசியில் கேட்டும் பல்கலைக்கழகம் எதுவும் சொல்ல மறுத்தால், அது அலட்சியம் அன்று. மாணவர் ஒப்புதல் படிவமொன்றில் கையொப்பமிட்டால் இத்தடை நீங்கும்.

கல்விசார் ஏற்பாடுகள்

ஏற்பாடுகள் தற்காலிகமானவை, அறிகுறிக்கு ஏற்றவை, குறிப்பிட்ட நாளில் மீளாய்வு செய்யப்படவேண்டியவை. மருத்துவரின் கடிதம் "ஓய்வு தேவை" என்று மட்டும் சொன்னால் பேராசிரியருக்கு என்ன செய்வதென்று விளங்காது. "தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்க இயலாது, ஒரு நாளில் ஒரு தேர்வுக்கு மேல் எழுதலாகாது, இரு வாரம் கழித்து மீண்டும் பரிசோதிக்கப்படும்" என்பது போன்ற கடிதமே பயன் தரும். நோயின் பெயரை விட, எதைச் செய்யமுடியும் எதைச் செய்யமுடியாது என்பதே முக்கியம்.

ஒளிக்கூச்சத்துக்குச் சாளரத்திலிருந்து விலகிய இருக்கை, தொப்பி, திரையொளி குறைத்தல். தேவையானால் சில நாட்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. வாரக்கணக்கில் கறுப்புக் கண்ணாடி அணிவது கூச்சத்தை நீடிக்கச் செய்யலாம் என்பதால் அது ஊக்குவிக்கப்படுவதில்லை. குறிப்பெடுக்க இயலாதவருக்கு உடன் பயில்பவரின் குறிப்புகளோ விரிவுரையின் ஒலிப்பதிவோ தரப்படும். ஒலிப்பதிவைக் கண்மூடிக் கேட்கலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். திரை ஒவ்வாதவருக்கு அச்சிட்ட பாடங்கள் உதவும்.

தேர்வுக்குக் கூடுதல் நேரம் தருவது மிகப் பரவலான ஏற்பாடு. ஆனால் இங்கு அது எப்போதும் பொருத்தமானதன்று. இரண்டு மணி நேரத் தேர்வே தலைவலியைத் தூண்டும் நிலையில், அதை மூன்று மணி நேரமாக நீட்டினால் கடைசி மணி நேரத்தில் மாணவர் எழுதுவது பெரும்பாலும் வீண். கடிகாரத்தை நிறுத்திவைத்து எழுந்து நடமாட விடும் இடைவேளைகள், அமைதியான தனியறை, தேர்வை இரு நாட்களாகப் பிரித்தல் ஆகியவை பெரும்பாலும் மேலானவை. முதல் வாரத்தில் தேர்வைத் தள்ளிவைப்பதே சரி.

தள்ளிவைப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஐந்து பாடங்களில் வாரத்துக்கு ஓர் ஒப்படை வீதம் இரு வாரம் விட்டுப்போனால் பத்து ஒப்படைகள் சேர்ந்துவிடும். மூன்றாம் வாரத்தில் பாதி வேகத்தில் திரும்பும் மாணவர் முன் பழைய பத்தும் புதிய ஐந்தும் நிற்கும். அப்போது அவர் இரவு முழுதும் விழித்திருந்து எழுதுவார், அறிகுறிகள் மீளும். எனவே தள்ளிவைத்தல் மட்டும் போதாது; சிலவற்றைத் தள்ளுபடியும் செய்யவேண்டும். பாடத்தின் நோக்கத்துக்கு இன்றியமையாதவை எவை என்பதைப் பேராசிரியரே தீர்மானித்து, பிறவற்றை விலக்கி, மீதமுள்ளவற்றைக் கொண்டு மதிப்பெண் வழங்கலாம். இதனால் தரம் தாழ்ந்துவிடும் என்னும் அச்சத்துக்குப் போதிய காரணமில்லை. அளக்கப்படவேண்டியது மாணவர் பாடத்தைக் கற்றாரா என்பதே, எத்தனை தாள்களைக் கையளித்தார் என்பதன்று.

தூக்கத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். ஒழுங்கான நேரத்தில் உறங்கி எழுவதும், மது அருந்தாமையும் எந்தப் படிவமுமின்றி மாணவர் தாமே செய்துகொள்ளக்கூடியவை. சாதாரண வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால் அம்மருந்தே தலைவலியை உண்டாக்கக்கூடும் என்பது பலர் அறியாதது.

விளையாட்டு வீரர் அல்லாதோர்

ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2010 ஆம் ஆண்டு முதல் தன் உறுப்பு நிறுவனங்கள் ஒவ்வொன்றும் மூளையதிர்ச்சி மேலாண்மைத் திட்டம் வைத்திருக்கவேண்டும் என்று விதித்துள்ளது. பல்கலைக்கழக அணி வீரர் அடிபட்டால் அணியின் மருத்துவப் பணியாளர் உடனே கவனிக்கிறார். கல்வி ஆலோசகருக்குத் தகவல் செல்கிறது.

பனியில் வழுக்கி விழுந்தவருக்கும், மிதிவண்டியில் மோதுண்டவருக்கும், விடுதியின் இரட்டைக் கட்டிலில் தலையை இடித்துக்கொண்டவருக்கும் அத்தகைய ஏற்பாடு இல்லை. கொலராடோப் பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் பட்டப்படிப்பு மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வு, அங்குப் பதிவான மூளையதிர்ச்சிகளில் பாதிக்கும் மேற்பட்டவை விளையாட்டுடன் தொடர்பற்றவை என்று காட்டியது. அவற்றுள் கீழே விழுதலே முதன்மைக் காரணம். அதாவது, நன்கு வகுக்கப்பட்ட பாதை சிறுபான்மையினருக்கே கிடைக்கிறது. இவ்வேறுபாட்டைக் களைவதே இத்துறையின் இன்றைய முதன்மைப் பணி.

அறிகுறிகள் நீடிக்கும்போது

நான்கு வாரத்துக்கு மேல் தொடரும் அறிகுறிகள் நீடித்த அறிகுறிகள் எனப்படுகின்றன. முன்பே ஒற்றைத் தலைவலி, கவலை நோய், மனச்சோர்வு ஆகியவை உள்ளவர்களிடமும், முதல் நாட்களில் அறிகுறிகள் மிகக் கடுமையாக இருந்தவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இந்நிலையில் இன்னும் ஓய்வெடு என்பது மருந்தாகாது. எந்த அமைப்பு பாதிக்கப்பட்டுள்ளது என்று கண்டறிந்து சிகிச்சை அளிக்கவேண்டும். சமநிலைக் குறைபாட்டுக்கு அதற்கான இயன்முறைப் பயிற்சி, கழுத்திலிருந்து எழும் தலைவலிக்குக் கழுத்துச் சிகிச்சை, கண் குவியக் குறைபாட்டுக்குப் பார்வை மதிப்பீடு, மனநிலைக்கு உளவளத் துணை என இது பலதுறைப் பணி. படிப்பில் பின்தங்கும் அச்சமே தூக்கத்தைக் கெடுத்து, கெட்ட தூக்கம் தலைவலியைக் கூட்டி, தலைவலி படிப்பை மேலும் தடுக்கும் சுழல் பலரிடம் காணப்படுகிறது. பேராசிரியரின் "இந்த ஒப்படையை விட்டுவிடலாம்" என்னும் ஒரு வரி சில வேளை இச்சுழலை உடைக்கிறது.

சட்டப் பின்னணி

2009 இல் வாஷிங்டன் மாநிலம் இளையோர் விளையாட்டு மூளையதிர்ச்சிச் சட்டத்தை இயற்றியது. 2014 ஆம் ஆண்டுக்குள் ஐக்கிய அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும் இத்தகைய சட்டங்களைக் கொண்டுவந்தன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2018 இல் ரோவன் சட்டத்தை நிறைவேற்றியது. 2013 இல் ரக்பி ஆட்டங்களில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்த ஒட்டாவா மாணவி ஒருவரின் பெயரை அச்சட்டம் தாங்கியுள்ளது. இச்சட்டங்கள் பெரும்பாலும் ஆடுகளத்திலிருந்து அகற்றுதலையும் திரும்புதலையும் பற்றியவை; பல்கலைக்கழக வகுப்பறையை இவை அதிகம் தொடுவதில்லை.

வகுப்பறைக்குப் பொருந்துபவை மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்களே. ஐக்கிய அமெரிக்காவில் 1973 ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவும் 1990 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் சில வாரங்களில் நீங்கிவிடும் குறைபாடு அவற்றின் கீழ் வருமா என்பது ஒவ்வொரு நேர்விலும் தனியே முடிவு செய்யப்படுகிறது. ஐக்கிய இராச்சியத்தின் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிக்கும் பாதிப்பையே கருத்திற் கொள்கிறது. எனவே சட்டம் முழுமையாகத் தாங்காத இடத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகள் நிரப்பவேண்டியுள்ளது. கனடியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாற்றுத்திறனாளி சேவையில் தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளும் முறை உள்ளது.

பாடச்சுமைக் குறைப்பும் வெளிநாட்டு மாணவரும்

அறிகுறிகள் பல வாரம் நீடித்தால் ஓரிரு பாடங்களை விட்டுவிடுவதும், பாடத்தை 'நிறைவுறாதது' என்று பதிந்து பின்னர் முடிப்பதும், பருவம் முழுவதிலிருந்தும் மருத்துவக் காரணத்தால் விலகுவதும் வழிகளாகும். ஒவ்வொன்றுக்கும் கெடு நாள் உண்டு. உதவித்தொகை, கட்டணத் திருப்பம், விடுதி இடம் ஆகியவை அதனுடன் பிணைந்துள்ளன. ஐந்தில் இரண்டைக் காலத்தே விட்டு மூன்றில் தேறுவது, ஐந்தையும் பிடித்துக்கொண்டு தோல்வியுறுவதை விட மேலானது.

வெளிநாட்டிலிருந்து வந்து பயில்பவர் இதில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கவேண்டும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று பயிலும் மாணவர் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஐக்கிய அமெரிக்காவில் எஃப்-1 நுழைவிசைவு உடையவர் முழுப் பாடச்சுமையைத் தாங்கவேண்டியவர். மருத்துவக் காரணத்துக்காக அதைக் குறைக்க விதியில் இடமுண்டு. ஒரு பட்ட நிலையில் மொத்தம் பன்னிரண்டு மாதம் வரை குறைக்கலாம். ஆனால் உரிய மருத்துவச் சான்றுடன், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்ற பின்னரே பாடத்தை விடவேண்டும். முதலில் பாடத்தை விட்டுவிட்டுப் பின்னர் அனுமதி கேட்டால் குடிவரவு நிலையே பறிபோகலாம். கனடாவில் கல்வி அனுமதி பெற்றவர், நிறுவனத்தின் ஒப்புதலுடன் 150 நாட்கள் வரை படிப்பிலிருந்து விடுப்பு எடுக்கலாம். இரு நாட்டிலும் மருத்துவரின் கடிதம் நாளிட்டு எழுதப்பட்டிருக்கவேண்டும். ஆகவே தலையில் அடிபட்ட முதல் வாரத்திலேயே, வலி தாங்கக்கூடியதாக இருந்தாலும், வளாக உடல்நல மையத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது.